ஆடி ஓய்ந்த தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே,

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் பட்டாளத்திலும் பிறந்து, அப்பகுதிகளின் மண் திடல்களிலே வெறுங்காலோடு பந்தாடிப் பழகி, பின்பு ரயில்வே என்றும் ஐ.சி.எஃப். என்றும் துறைமுகம் என்றும் மின்வாரியம் என்றும் வங்கி என்றும் பற்பல ஸ்தாபனங்களின் பனியனை அணிந்து சென்னை லீக்கில் விளையாடி, அந்த ஆட்டத்தின் பயனாகக் கிடைத்த உத்தியோகத்திலேயே மூப்படைந்து, இன்று ஓய்வூதியம் பெற்றுப் பேரன் பேத்திகளோடு வாழ்ந்துவரும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். கல்யாண வீடுகளிலும், நம்மோடு ஆடிய ஒருவர் காலமான வீட்டு வாசலிலும் நாம் சந்திக்கும்போதெல்லாம் பழைய ஆட்டங்களைப் பற்றியே பேசிக் கலைந்துவிடுகிறோம். அந்தப் பேச்சில் எனக்கும் பரம சந்தோஷம் உண்டு. ஆனால் நான் சொல்ல நினைப்பதை அந்த இடங்களில் நிதானமாகச் சொல்ல வாய்ப்பதில்லை.

நான் வேண்டுவது ஒன்றே: வாரத்தில் ஒரு மாலையாவது திடலுக்கு வாருங்கள். பரிசளிப்பு விழாக்களுக்கு நம்மை அழைக்கிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறார்கள். அது அவர்கள் காட்டும் மரியாதை. அதைக் குறைவாகச் சொல்லமாட்டேன். ஆனால் விழா முடிந்த மறுநாள் மாலை அதே திடலில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் புழுதி பறக்க ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் மட்டுமே விசிலோடு நிற்கிறான். பகலெல்லாம் எங்கேயோ உழைத்துவிட்டு, முகத்தைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தவன் அவன். அவனுக்குத் துணையாக நிற்க வேண்டியவர்கள் நாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வடசென்னையில் இந்த ஆட்டம் வேரூன்றிய விதம் உங்களுக்குத் தெரியாததன்று; ஆயினும் நம் பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடுமாகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் பின்னி மில் என்று ஜனங்கள் அழைத்த பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை, ஒரு பக்கம் ரயில்வே பட்டறைகள், 1955க்குப் பிறகு பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று, சங்கு ஊதும் நேரத்தை வைத்தே பொழுதைக் கணக்கிட்ட குடும்பங்கள் நம்முடையவை. மட்டையும் காற்காப்பும் கையுறையும் வேண்டுகிற ஆட்டம் நமக்குக் கட்டுப்படியாகாது; இருபத்திரண்டு பேருக்கு ஒரே பந்து போதும் என்கிற ஆட்டம் கட்டுப்படியாயிற்று. நன்றாக ஆடியவனை ஏதேனும் ஒரு துறை தன் அணிக்கு எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டால் மாதச் சம்பளம், மருத்துவ வசதி, முதுமையில் ஓய்வூதியம். 1996இல் பின்னி மில் கதவடைத்தபோது எத்தனையோ வீடுகளின் அடுப்பு அணைகிற ஸ்திதிக்கு வந்தது. அக்காலத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டத்தின் பேரால் உத்தியோகம் கிடைத்ததென்றால், அவனுடைய தங்கைகளின் கல்யாணமும் தம்பிகளின் படிப்பும் அந்த ஒரு காகிதத்தால் நடந்தேறின.

எனக்கு வேலை உத்தரவு வந்த நாள் நன்றாக ஞாபகமிருக்கிறது. என் தாயார் எழுத்தறியாதவர். உறையைப் பிரித்து நான் வாசித்துக் காட்டியதும், அந்தத் தாளின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி அங்காளம்மன் படத்தின்முன் வைத்துவிட்டு, உறவினர் ஒருவருக்கும் சொல்லாமல், அரைக்கிலோ சர்க்கரையைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு நேரே எங்கள் மாஸ்டர் வீட்டுக்குப் போனார். மாஸ்டர் லோகோ பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பெரிய அணி எதிலும் ஆடியவரல்லர். பட்டறையிலிருந்து வந்ததும் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் திடலின் ஓரத்தில் குந்தி, தோல் பந்தின் வாயைப் பிரித்து, உள்ளேயிருக்கும் பிளாடரை வெளியே எடுத்து, ஓட்டை எங்கே என்று தண்ணீரில் அமுக்கிப் பார்த்து, ஒட்டுப் போட்டு, மறுபடி உள்ளே செலுத்திக் காற்றடைத்து, லேஸை இழுத்துக் கட்டி, அந்த முடிச்சு நெற்றியில் படாதபடி உள்ளே தள்ளிவிடுவார். அதன் பிறகுதான் ஆட்டம். ஒரு பருவம் முழுவதையும் அந்த ஒரே பந்தில் ஆடி முடித்திருக்கிறோம். உங்களில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு மாஸ்டர் இருந்தார் என்பதை நான் அறிவேன். அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. பத்திரிகையில் அவர்கள் பெயர் வந்ததில்லை. நமக்கு ஜீவனோபாயம் தந்தவர்கள் என்று அதிகாரிகளின் பெயரையும் துறைகளின் பெயரையும் நாம் சொல்லலாம். ஆனால் என் தாயாரின் கால்கள் முதலில் எந்த வீட்டை நோக்கி நடந்தனவோ, அந்த வீட்டுக்குத்தான் நாம் கடன்பட்டவர்கள்.

சேவை என்ற சொல்லைக் கேட்கும்போது நம் தலைமுறைக்கு பீட்டர் தங்கராஜின் உருவம் மனக்கண்முன் வருவது இயல்பு. ஐதராபாத்தில் பிறந்து, 1953இல் நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் சிப்பாயாகச் சேர்ந்த அவர், முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர். பின்பு கோல் காப்பவராக மாறி, 1955இலும் 1958இலும் அந்தப் படைப்பிரிவு டூரண்ட் கோப்பையை வென்றபோது பங்கேற்று, மெல்போர்னிலும் ரோமிலும் ஒலிம்பிக் கண்டு, ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பாராட்டப்பட்டார். சீருடையில் தேசத்துக்குச் செய்த சேவை ஒன்று. ஆட்டத்தை விட்ட பின்பு பயிற்சியாளராக இளைஞர்களோடு கழித்த வருஷங்கள் மற்றொன்று. 2008இல் பொகாரோவில் அவர் காலமானபோது, முதல் சேவையைப் பற்றியே எல்லோரும் எழுதினார்கள். இரண்டாவதும் அதற்குச் சமமானதே என்பது என் எண்ணம்.

அவரை ஆட்டுவித்த ரஹீம் சாகிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சையத் அப்துல் ரஹீம் பள்ளிக்கூட ஆசிரியர். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நம் தேசம் நான்காம் இடம் பெற்றதும், 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என்று வென்று ஆசியத் தங்கம் பெற்றதும் அவருடைய பயிற்சியில்தான். ஜகார்த்தாவுக்குப் போகும்போதே புற்றுநோய் அவருடைய உடலை அரித்துக்கொண்டிருந்தது. இறுதி ஆட்டத்தன்று அரங்கம் முழுவதும் நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. தங்கராஜ் அப்போதுதான் காய்ச்சலிலிருந்து எழுந்தவர். பாதுகாப்பாளரான ஜர்னைல் சிங் தலையில் தையலோடு முன்வரிசையில் நிறுத்தப்பட்டு, வெற்றி கோல்களில் ஒன்றை அவரே போட்டார். அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில் ரஹீம் மறைந்தார். இந்தச் சரித்திரத்தைப் பலர் வீரக்கதையாகச் சொல்வர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஐதராபாத்தில் அவர் சிறுவர்களுக்காக நடத்திய போட்டிகள்: பலமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று ஒரு போட்டி; பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல் உடனே தோழனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு போட்டி. வகுப்பறையில் பழகிய மனிதருக்கே அப்படிப்பட்ட யுக்தி தோன்றும்.

இனி இன்றைய திடலுக்கு வருகிறேன். நான் போய்க்கொண்டிருக்கும் திடலில் ஒரு ஜோடி பூட்ஸை இரண்டு பையன்கள் பங்கிட்டுக்கொண்டு ஆடுவதைப் பார்த்தேன். ஒருவன் வலக்கால் ஆட்டக்காரன், மற்றவன் இடக்கால் ஆட்டக்காரன். ஆகவே வலது ஜோடு இவனுக்கு, இடது ஜோடு அவனுக்கு. மற்றக் காலில் பழைய துணியைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

வேறொரு பையன், பன்னிரண்டு வயதுக்காரன், ஓட்டத்தில் அந்தக் கூட்டத்திலேயே முதல்வன், சில நாட்களாகப் பந்தைக் காலில் நிறுத்தமாட்டாமல் தடுமாறினான். பயிற்சி தந்த இளைஞன், பொறுப்பானவன்தான், கவனம் எங்கே என்று கடிந்துகொண்டான். ஆட்டம் முடிந்ததும் அவனைத் தண்ணீர்க் குழாயண்டை அழைத்துப் போய், “மத்தியானம் என்னப்பா சாப்பிட்டே?” என்று கேட்டேன். “இஸ்கூல்ல சாப்ட்டேன் தாத்தா” என்றான். “நேத்து ராத்திரி?” என்றேன். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான், பதில் வரவில்லை. அவனுடைய தாயார் ஆஸ்பத்திரியில் இருந்ததும், விடியற்காலையில் அவன் தண்ணீர் கேன்களை மாடி வீடுகளுக்குச் சுமந்து சென்று பணம் ஈட்டியதும், அதன்பின் பள்ளி, அதன்பின் திடல் என்று ஓடியதும் மெல்ல மெல்லத் தெரிய வந்தன. வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது என் சகதர்மிணி நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. “நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் நேரா இங்கே கூட்டிக்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அரிசியை ஊறவைக்கப் போய்விட்டார். அந்தப் பையனின் தாயார் குணமடைந்து திரும்பும்வரை இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில் நடந்தது. பந்து தானாகவே அவன் காலில் நிற்கத் தொடங்கிற்று. பயிற்சிக்கென்று புத்தகங்கள் பல வந்திருக்கின்றன. இளைஞர்கள் டி லைசென்ஸ் முதலிய சான்றிதழ்களைப் படித்துப் பெறுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த நுட்பங்களில் பாதிகூட நமக்குத் தெரியாது. ஆனால் இரவு என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்கு நரைத்த தலை உபயோகமாகிறது.

குடும்பத்தைப் பற்றி நான் தனியே எழுத வேண்டியதாயிற்று. ஏனென்றால் இந்த அழைப்புக்கு உங்களில் சிலர் சொல்லக்கூடிய ஆட்சேபம் எனக்குத் தெரியும், அது நியாயமானதும் கூட. நாம் ஆடிய காலத்தில் நம் மாலைகளெல்லாம் திடலுக்கே போயின. வெளியூர்ப் போட்டிக்குச் சென்ற வாரங்களில் ரேஷன் கடை வரிசையிலும், தண்ணீர் லாரி வரும் தெருமுனையிலும் குடங்களோடு நின்றவர்கள் நம் வீட்டுப் பெண்கள். முழங்கால் சவ்வு கிழிந்து நாம் கட்டிலில் கிடந்த மாதங்களில் பிள்ளைகளையும் நம்மையும் ஒருசேரப் பராமரித்தவர்களும் அவர்களே. இப்போதுதான் வீட்டில் தங்குகிற பிராயம் வந்திருக்கிறது. மறுபடியும் சாயங்காலமானால் கிளம்பிவிடுவதா என்று அவர்கள் கேட்டால், அதற்கு மேடைப் பேச்சில் சொல்லும் பதில் எதுவும் போதாது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தகப்பனாக இருந்து தன் வீட்டில் மட்டும் விருந்தாளியாக இருக்கும் மனிதனின் தொண்டினை நான் போற்றமாட்டேன். ஆகையால் முதலில் வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கு இசைவான நாளைத் தேர்ந்தெடுங்கள். இயலுமானால் அவர்களையும் அழைத்து வாருங்கள். என் மகனுக்குப் பந்தில் நாட்டமே கிடையாது, சிறுவயதில் ஓரிரு முறை திடலுக்கு அழைத்துச் சென்றபோது ஆலமரத்தடியில் உட்கார்ந்து எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், நானும் வற்புறுத்தவில்லை. இன்று கணக்கராக இருக்கும் அவன்தான் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றையெல்லாம் ஒரு கோப்பில் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவனும் நானும் அந்தக் கோப்பை நடுவில் வைத்துக்கொண்டு உட்காரும் ஒருமணி நேரம், தகப்பனும் மகனுமாக எங்களுக்கு வாய்த்த நல்ல நேரங்களில் ஒன்று.

பிறப்புச் சான்றிதழ் என்றதும் ஒரு விஷயம். வயதைக் குறைத்துக் காட்டிப் பையனைச் சிறியவர் அணியில் சேர்க்கிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இப்போது மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கிறார்கள். அகப்பட்டால் பையனின் எதிர்காலம் பாழாகும். அகப்படாவிட்டாலும், அவன் பொருட்டு இடமிழந்த சிறு பையன் ஒருவன் எங்கோ வீட்டில் அழுதுகொண்டிருப்பான். பெற்றோர் நம்மிடம் வந்து இதற்கு உதவி கேட்பார்கள். நாம் மறுக்க வேண்டும். பெரிய அணியின் அகாதமியில் சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்கும் தரகர்களைப் பற்றியும் அந்தப் பெற்றோரை எச்சரிக்க நம்மைப்போல் தகுதியுள்ளவர் இல்லை.

பயிற்சியைப் பற்றி இரண்டொரு வார்த்தை. பெரியவர் பந்து 410 முதல் 450 கிராம் எடையுள்ள ஐந்தாம் எண் பந்து. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நான்காம் எண்ணும், அதற்கும் சிறியவர்களுக்கு மூன்றாம் எண்ணுமே தகும். சிறுவனை முழுத் திடலில் பதினொருவர் ஆட்டத்துக்கு அனுப்புவது, தகப்பனாரின் செருப்பை மாட்டி நடக்கச் சொல்வதை ஒக்கும். ஐவர், எழுவர் ஆட்டங்களில்தான் அவன் காலுக்குப் பந்து அடிக்கடி வரும். தலையால் முட்டும் பயிற்சியைச் சிறுவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். மழையில் நனைந்து கனத்த தோல் பந்தை நாம் நெற்றியில் வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் ஸ்காட்லாந்தில் தொழில்முறையாக ஆடிய பழைய ஆட்டக்காரர்களை ஆராய்ந்த கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார், மூளைச் சிதைவு நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று 2019இல் கண்டறிந்தார்கள். மறுவருஷமே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்கள் தொடக்கப்பள்ளிப் பிராயத்தினருக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்திவிட்டன. நம்மோடு ஆடியவர்களிலே சிலர் இன்று பிள்ளைகளின் பெயரையே மறந்து உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் இன்னதென்று நான் மருத்துவன்போலத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். பேரப்பிள்ளைகளின் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருப்போம் என்று மட்டும் சொல்கிறேன்.

பெண்குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. நம் காலத்தில் நம் தங்கைகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள், அவ்வளவே. ஆடவர் அணி கண்டு களித்திராத பெருமையை 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் பட்டமாகத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். கடலூரிலிருந்து வந்து இந்திய அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் நம் மாநிலப் போலீசில் உத்தியோகம் வகிக்கிறார். இவர்களைக் கண்டு, இன்று நம் தெருக்களில் சிறுமிகள் பந்தோடு வருகிறார்கள். வந்து, பதின்மூன்று பதினான்கு வயதானதும் நின்றுவிடுகிறார்கள். ஆட்டத்தில் ஆசை குறைந்து நிற்பவர் சிலரே. உடை மாற்ற ஓர் அறையில்லை, கழிப்பறையில்லை, இருட்டிய பிறகு வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஆளில்லை. இந்த மூன்றையும் செய்து தர நம்மால் முடியும். கழிப்பறைக்கு மாநகராட்சியில் மனுக் கொடுக்க அனுபவமுள்ள கைகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன! எந்தக் குழந்தையோடும், ஆணாயினும் பெண்ணாயினும், பெரியவர் ஒருவர் தனியறையிலோ தனி வண்டியிலோ இருக்கலாகாது என்பதை விதியாகக் கொள்ளுங்கள். நம்முடைய யோக்கியதையைச் சந்தேகிப்பதாக யாரும் வருந்த வேண்டாம். 2012இல் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தின் காலத்தில் ஒவ்வொரு பெற்றோருக்கும் அந்த நிம்மதியைத் தருவது நம் கடமை.

நம் திடல்களிலிருந்து பெரிய ஆட்டக்காரர்கள் வரமாட்டார்களா என்று கேட்பீர்கள். வந்திருக்கிறார்கள். வியாசர்பாடியின் தனபால் கணேஷ், 2018இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடினார். சென்னைப் பிள்ளையான நந்தகுமார், 2023 ஆகஸ்டில் கல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலைப் போட்டு ஈஸ்ட் பெங்காலின் பல்லாண்டுத் தாகத்தைத் தீர்த்தார். அந்த இரவு எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். ஆயினும் ஐம்பது பிள்ளைகளில் ஒருவன் அப்படி ஆவதே அபூர்வம். துறைகள் முன்போல ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வதும் குறைந்துவிட்டது. மற்ற நாற்பத்தொன்பது பேரும் பத்தாம் வகுப்பைத் தாண்டி, போதைக்கும் அடிதடிக்கும் போகாமல், ஐ.டி.ஐ.யிலோ கல்லூரியிலோ சேர்ந்து, ஒரு தொழிலைப் பற்றிக்கொண்டு, சாயங்காலத்தில் தம் பிள்ளையின் கையைப் பிடித்துத் திடலுக்கு அழைத்துவருகிறவர்களாக ஆக வேண்டும். அவர்கள் பொருட்டே உங்களைக் கூப்பிடுகிறேன்.

செய்ய வேண்டியது கடினமன்று. ஒவ்வொருவரும் தமக்குப் பக்கத்திலுள்ள திடலில் ஒரு கிழமையைத் தம் கிழமையாக எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டபின் மழையானாலும் போங்கள், ஏனென்றால் வருகிறேன் என்று சொல்லி வராமற்போன பெரியவர்களை அந்தப் பிள்ளைகள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். இளம் பயிற்சியாளரின் அதிகாரத்தில் தலையிடாதீர்கள்; அவர் சொன்ன இடத்தில் நில்லுங்கள்; கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தாதீர்கள். பரீட்சை மாதங்களில் ஆட்டத்தைக் குறைத்து, திடலின் விளக்கடியிலேயே படிக்க உட்கார வையுங்கள்; உங்களில் வங்கியில் இருந்தவர்கள் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

முதல் கூட்டம் வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, நாம் வழக்கமாகக் கூடும் திடலில். வரும்போது வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பூட்ஸ், பேரப்பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட ஜோடுகள் எதுவானாலும் எடுத்து வாருங்கள். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய அளவுகளே இப்போது அதிகம் தேவைப்படுகின்றன. அடி தேய்ந்திருந்தால் பரவாயில்லை. தைத்துக்கொடுக்க ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடும் உங்களுக்கு எதிராகவும் ஆடிய
உங்கள் பழைய சென்டர் ஹாஃப்